இன்றைக்கா, நாளைக்கா?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியராகிய பழைய மாணவி ஒருவர் உடல்நலம் பற்றி இருபது நிமிடம் பேச வேண்டும் என்று சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல் என்று ஆரம்பிப்போம் என நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அவற்றைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குத் தெரியாதது அதிகமில்லை; பலர் அந்த மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறீர்கள். ஆகவே இன்று இத்தாலி நாட்டுச் சந்தைகளைப் பற்றிப் பேசப் போகிறோம். நீரிழிவும் கடைசியில் வந்து சேரும், பயப்பட வேண்டாம்.

மேடையில் ஒருத்தி நின்றுகொண்டு "நாங்கள்" என்று பேசுகிறாளே என்று நினைக்காதீர்கள். இந்தப் பேச்சு எங்கள் வகுப்புத் தோழிகள் நால்வருக்கும் பொது. நால்வரும் சேர்ந்து போனோம், சேர்ந்து பார்த்தோம், சேர்ந்தே எழுதினோம். உண்மையில் ஐந்து பேர் போயிருக்க வேண்டும்.

1990களின் நடுப்பகுதியில் இந்தப் பாடசாலையின் வடக்குப் பக்க வகுப்பறையில் நாங்கள் ஐவரும் ஒரே வாங்கில் இருந்தோம். மின்சாரம் இல்லாத காலம். ஜாம் போத்தல் விளக்கில் படித்த காலம். புவியியல் பாடத்தில் மத்தியதரைக் காலநிலை வந்தது. "கோடை வரட்சி, மாரி மழை, ஒலிவ், திராட்சை, தோடை, அத்தி" என்று மனனம் செய்தோம். எங்களுள் ஒருத்திக்கு மட்டும் அது மனனமாக இருக்கவில்லை. இத்தாலிப் படத்தைச் சப்பாத்து மாதிரி வரைந்து, அதன் நுனியில் சிசிலித் தீவைப் பந்து மாதிரி வைத்து, "ஒருநாள் நாங்கள் அஞ்சு பேரும் இங்கை போய்த் தோடம்பழம் வாங்கிச் சாப்பிடுவம்" என்றாள். அவள் பிறகு குளிர் மிகுந்த ஒரு நாட்டில் குடியேறினாள். இரண்டு வேலை, இரண்டு பிள்ளைகள். இரவு வேலை முடிந்து வந்து தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி பார்த்து, இத்தாலியில் பார்க்க வேண்டிய சந்தைகளை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். 44ஆவது வயதில் மாரடைப்பில் போய்விட்டாள். அதற்கு முன் எட்டு வருடமாக அவளுக்கு நீரிழிவு.

எங்களுள் இருவர் வைத்தியர்கள். அவள் எங்களுக்கு அடிக்கடி தொலைபேசி எடுப்பாள். நாங்கள் இரத்தப் பரிசோதனையின் எண்ணைக் கேட்போம். மாத்திரையின் அளவைக் கேட்போம். எங்கே சாமான் வாங்குகிறாய், யார் சமைக்கிறார்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை. செத்தவீட்டுக்குப் போன இடத்தில்தான் அவளுடைய உறைபெட்டியைத் திறந்து பார்த்தோம். அடுக்கடுக்காக ஆயத்த உணவுப் பெட்டிகள். அவளுடைய மகள் அந்தத் தாளை எங்கள் கையில் தந்தாள். மூன்று பெயர்கள்: வெனிஸில் ரியால்டோ, புளோரன்ஸில் சாந்த் அம்புரோஜோ, பலேர்மோவில் பல்லாரோ. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் நாங்கள் நால்வரும் புறப்பட்டோம்.

முதலில் வெனிஸ். திங்கட்கிழமை விடியற்காலையில் ரியால்டோப் பாலத்தைத் தாண்டி மீன் சந்தைக்குப் போனோம். ஒரு மீனும் இல்லை. கழுவி விட்ட கல்மேசைகளும் கடற்காகங்களும் மட்டுமே. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாததால் திங்களில் மீன் விற்பதில்லையாம். இது கரையோரத்தில் பிறந்த எங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டிய விடயம். சந்தை என்றால் எந்த நாளும் எல்லாம் இருக்கும் என்று சூப்பர் மார்க்கெற் எங்களைப் பழக்கி வைத்திருக்கிறது.

வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் சுவரைப் பார்த்தோம். அங்கே ஒரு பழைய சலவைக்கல் பதிக்கப்பட்டிருக்கிறது. எந்த மீன் எவ்வளவு நீளம் வளர்ந்த பிறகே விற்கலாம் என்று அதில் செதுக்கியிருக்கிறார்கள். எங்கள் சூடை மீனின் இனமான சார்டின் 7 சென்ரிமீற்றர், விலாங்கு 25 சென்ரிமீற்றர், சிப்பி 5 சென்ரிமீற்றர். அதற்குக் குறைந்ததைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும். குஞ்சைப் பிடித்தால் அடுத்த வருடம் சந்தை இல்லை என்பதைக் கல்லில் எழுதி, வாங்குகிறவர் கண்ணுக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். ஒரு சந்தை 900 ஆண்டுகளுக்கு மேலாக ஒரே இடத்தில் நடப்பதென்றால் அதற்கு இப்படியான காரணங்கள் இருக்கத்தானே வேண்டும்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை திரும்பவும் போனோம். இப்போது அதே கல்மேசைகளில் பனிக்கட்டி மேல் கணவாய் கறுப்பு மையோடு கிடந்தது. நண்டு கால் அசைத்தது. விலாங்கு நெளிந்தது. ஒவ்வொரு குவியலிலும் ஓர் அட்டை. எந்தக் கடலில் பிடித்தது, எந்த முறையில் பிடித்தது என்று அதில் எழுத வேண்டும் என்பது அங்கே சட்டம். சில அட்டைகளில் "நொஸ்த்ரானோ" என்ற ஒரு சொல் இருந்தது. "எங்களுடையது" என்று பொருள். எங்கள் ஊரில் "இது ஊர்க் கத்தரிக்காய் அம்மா" என்று சொல்லும்போது குரலில் வரும் அதே பெருமிதம். மரக்கறிப் பக்கத்தில் ஆர்ட்டிசோக் என்ற, முள்ளு மொட்டுப் போன்ற காய் ஊதா நிறத்தில் குவிந்திருந்தது. அருகிலுள்ள சாந்த் எராஸ்மோத் தீவில் விளைந்து படகில் வருவது. ஒரு முதியவர் நின்றபடியே அதன் இதழ்களைச் சீவி, அடிப்பாகத்தை மட்டும் எடுத்து, கறுக்காமல் இருக்கத் தேசிப்புளி கலந்த நீரில் போட்டுக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகும் பெண்கள் அதை அப்படியே வாங்கிக்கொண்டு போனார்கள். முள்ளை அகற்றும் பாடு விற்பவருடையது, சமைக்கும் வேலை மட்டும் வாங்குபவருடையது.

அங்கேதான் நாங்கள் குற்றவாளிகளானோம். பயற்றங்காயை முறித்துப் பார்த்து, கத்தரிக்காயை அமத்திப் பார்த்து வாங்கிப் பழகிய கைகள் அல்லவா? எங்களுள் ஒருவர் பீச் பழத்தை எடுத்து அமத்தினார். கடைக்காரப் பெண்மணி கையைத் தட்டாத குறையாக ஏசினார். அங்கே பழத்தை வாங்குகிறவர் தொடக்கூடாது. விற்கிறவரே எடுத்துத் தர வேண்டும். நாங்கள் தலையைக் குனிந்து, மெலன் பழம் ஒன்று வேண்டும் என்று சைகையால் காட்டினோம். அவர் கோபம் தணிந்து ஒரு கேள்வி கேட்டார்: "இன்றைக்கா, நாளைக்கா?"

எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. இன்றைக்குச் சாப்பிடுவதென்றால் ஒரு பழம், நாளைக்கென்றால் வேறு பழம். "இன்றைக்கு" என்றோம். ஐந்தாறு பழங்களை முகர்ந்து, காம்படியைப் பெருவிரலால் தடவி, ஒன்றைத் தந்தார். படிக்கட்டில் இருந்து வெட்டிச் சாப்பிட்டோம். அவர் சொன்னபடியே அது அன்றைக்குரிய பழம். இத்தாலியில் போன இடமெல்லாம் இந்தக் கேள்வி எங்களைத் தொடர்ந்தது. நீ எப்போது சாப்பிடப் போகிறாய் என்று கேட்கும் ஒருவரிடம் உணவை வாங்குவதற்கும், எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று பெட்டியில் அச்சடித்ததை வாங்குவதற்கும் இடையில் ஒரு பெரிய தூரம் இருக்கிறது.

ஆனால் வெனிஸில் சந்தோஷம் மட்டும் இல்லை. பல மேசைகள் வெறுமையாக இருந்தன. 1950களின் ஆரம்பத்தில் அந்தத் தீவு நகரத்தில் ஏறத்தாழ 175,000 பேர் வாழ்ந்தார்கள். இன்று 50,000 பேர்கூட இல்லை. வீடுகள் விடுதிகளாகிவிட்டன. சுற்றுலா வந்தவர் படம் எடுப்பார்; கணவாய் வாங்கிப் போய்ச் சமைக்க அவருக்கு அடுப்பு இல்லை. எங்களைப் போன்றவர்களும் அந்தக் கூட்டத்தில் அடக்கம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். சந்தையை வாழ வைப்பது அதைப் பார்க்கிறவர்கள் அல்ல, சமைக்கிறவர்கள்.

அங்கிருந்து புகையிரதத்தில் புளோரன்ஸ். அந்த நகரின் இரண்டு பெரிய கூரைச் சந்தைகளையும், அதாவது 1873இல் திறந்த சாந்த் அம்புரோஜோவையும் 1874இல் திறந்த சான் லொரென்சோவையும், வடிவமைத்தவர் ஒரே ஆள்: ஜுசெப்பே மெங்கோனி. மிலான் நகரில் உலகமே பார்க்கப் போகும் கண்ணாடிக் கூரைக் கடைத்தொகுதியைக் கட்டியவர். இரும்பும் கண்ணாடியும் கொண்டு இறைச்சிக்கும் மரக்கறிக்கும் ஒரு மாளிகை கட்டலாம் என்று நினைத்த காலம் அது. சான் லொரென்சோவின் மேல்மாடி 2014 முதல் உணவகங்களாக மாறிவிட்டது. சாந்த் அம்புரோஜோ இன்னும் அயலவர்களின் சந்தையாக இருக்கிறது. எங்கள் தோழி அதைத் தெரிந்துதான் எழுதியிருக்கிறாள்.

அங்கே ஒரு மூதாட்டிக்குப் பின்னால் வரிசையில் நின்றோம். அவர் வாங்கியது இரண்டு தக்காளி, ஒரு சிறு பூசணி இனக் காய், அதே கொடியின் மஞ்சள் பூ நாலு, ஒரு பிடி அவரை விதை. தனியே வாழ்பவர் போலும். கடைக்காரர் அலுத்துக்கொள்ளவே இல்லை. ஒவ்வொன்றையும் தெரிந்து எடுத்தார். கடைசியில் அவர் கேட்காமலே ஒரு கரட், ஒரு செலரித் தண்டு, கொஞ்சம் பார்ஸ்லி, துளசி இனத்துப் பசில் ஆகியவற்றை ஒரு கட்டாகச் சுற்றிப் பையில் போட்டார். காசு இல்லை. "ஓடோரி" என்று அதற்குப் பெயர். வாசனைகள் என்று பொருள். எங்கள் சந்தையில் ஒரு பிடி கறிவேப்பிலையைச் சும்மா போட்டுவிடும் அம்மாவை நினைத்துக்கொண்டோம். பாற்கட்டியும் ஒலிவ்காயும் "எத்தோ" என்ற அளவில் வாங்குகிறார்கள். ஓர் எத்தோ என்பது 100 கிராம். சின்ன அளவில் கேட்பதற்கு அங்கே யாரும் வெட்கப்படுவதில்லை. பாணில் உப்பே இல்லை. அந்தப் பிரதேசத்துப் பாண் அப்படித்தான். முதல் வாயில் முகம் சுளித்த நாங்கள், இருதய நோயாளருக்கு உப்பைக் குறைக்கச் சொல்லிச் சொல்லிக் களைத்தவர்கள் என்பதால், இரண்டாவது வாயை மரியாதையோடு சாப்பிட்டோம்.

இனிச் சிசிலி. உரோமாபுரியிலிருந்து பலேர்மோவுக்கு இரவுப் புகையிரதம் எடுத்தோம். மெசினா நீரிணைக்கு வந்ததும் அந்தப் புகையிரதத்தைப் பெட்டி பெட்டியாகக் கழற்றிக் கப்பலுக்குள் ஏற்றுகிறார்கள். நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல ஓடிப்போய் மேல்தட்டில் நின்று பார்த்தோம்.

அந்த இரவில் சிலெந்தோ என்ற கரையோரத்தைக் கடந்தோம். அங்கே பியோப்பி என்ற மீனவக் கிராமத்தில் பல்லாண்டுகள் வாழ்ந்தவர் அன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர். 1958இல் ஏழு நாடுகளில் ஆரம்பமான பெரிய ஆய்வொன்றின் மூலம் உணவுக்கும் இருதய நோய்க்கும் உள்ள தொடர்பைத் தேடியவர். தெற்கு இத்தாலி மக்கள் மரக்கறி, பருப்பு வகை, பாண், ஒலிவ் எண்ணெய், கொஞ்சம் மீன், அருமையாக இறைச்சி என்று சாப்பிட்டு இருதய நோய் குறைந்து வாழ்வதைக் கவனித்து, "மத்தியதரை உணவு முறை" என்ற பேச்சை உலகுக்குக் கொண்டு வந்தவர்களுள் முதன்மையானவர். தானும் அப்படியே சாப்பிட்டு, 1904இல் பிறந்தவர் 2004இல் 100 வயதில் மறைந்தார். 2010இல் யுனெஸ்கோ அந்த உணவு முறையை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

கதை இத்தோடு முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் அதே இத்தாலியில் இன்று 8, 9 வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 10 பேருக்கு 3 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையோடு இருக்கிறார்கள். ஐரோப்பாவிலேயே மிகக் கூடிய வீதங்களில் அதுவும் ஒன்று. வடக்கைவிடத் தெற்கில் அதிகம். கீஸ் வாழ்ந்த கிராமம் இருக்கும் கம்பானியா மாநிலமே அந்தப் பட்டியலில் முன்னால் நிற்கிறது. மரபுரிமை என்று பட்டயம் எழுதிவிட்டால் போதாது. உணவு முறை புத்தகத்தில் வாழ்வதில்லை. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சந்தை, அதில் அன்றைக்கு வந்த கீரை, அதைச் சமைக்க ஒருவருக்கு ஒரு மணி நேரம். இந்த மூன்றில் ஒன்று போனாலும் பிள்ளையின் தட்டு மாறிவிடுகிறது.

பலேர்மோவில் இறங்கிய அன்று மாலையில் முதலில் வுச்சிரியாச் சந்தைக்குப் போனோம். ரெனாத்தோ குத்தூசோ என்ற ஓவியர் 1974இல் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில் அந்தச் சந்தை மீனும் இறைச்சியும் பழமும் மனிதருமாக மூச்சுவிட இடமின்றி நிறைந்திருக்கும். மீன் கழுவும் தண்ணீரால் அந்தத் தெருக் கற்கள் என்றும் ஈரமாகவே இருக்குமாம். அதனால் நடக்கவே முடியாத காரியத்தைச் சொல்ல, "வுச்சிரியாவின் கல் காயும்போது பார்ப்போம்" என்பது பலேர்மோக்காரரின் பழமொழி. நாங்கள் போனபோது கற்கள் காய்ந்திருந்தன. ஒன்றிரண்டு கடைகள் தவிர மற்றவை இரவுக் குடிவகைச் சாலைகளாகிவிட்டன. பழமொழி பொய்த்த தெருவில் நின்று நாங்கள் நால்வரும் அதிகம் பேசவில்லை.

மறுநாள் காலை, தாளில் கடைசியாக இருந்த பல்லாரோ. தெருமுனைக்கு வருமுன்பே சத்தம் வந்தது. விற்பவர்கள் பாட்டும் அல்லாத பேச்சும் அல்லாத ஓர் இராகத்தில் கூவுகிறார்கள்; "அப்பன்னியாத்தா" என்று அதற்குப் பெயர். சிவப்புத் துணிக் கூரைகளின் கீழ் தக்காளியும் தேசிக்காயும் ஒளி வீசின. வாள் போல நீண்ட மூக்குடைய ஒரு பெரிய மீனின் தலை மேசையில் வானத்தைப் பார்த்து நின்றது. கடலைமாவைக் கரைத்துத் தட்டையாகப் பொரித்த "பனெல்லே"யைப் பாணுக்குள் வைத்துத் தந்தார்கள். எங்கள் வாய்க்கு உடனே பழகிவிட்டது. அவித்த உருளைக்கிழங்கும் சுட்ட வெங்காயமும் ஆயத்தமாக விற்றார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கான இந்த ஆயத்த உணவில் உப்பும் கொழுப்பும் ஒளிந்திருக்கவில்லை.

கத்தரிக்காய் மலைபோலக் கிடந்தது. எங்கள் பக்கத்து நாடுகளில் பிறந்த காய்; அரேபியர்கள் சிசிலிக்குக் கொண்டு வந்தார்கள். தக்காளி அமெரிக்காவிலிருந்து வந்தது. வந்தவற்றை எல்லாம் தனதாக்கிக்கொண்ட சந்தை. அதற்கருகில் ஒரு காயைக் கண்டு நாங்கள் நால்வரும் ஒன்றாகக் கத்திவிட்டோம். வெளிர் பச்சை, ஒரு மீற்றருக்கும் கூடிய நீளம், கம்பு போல அடுக்கியிருந்தார்கள். சுரைக்காய்! "குக்குட்சா" என்றார் கடைக்காரர். அதன் கொழுந்தும் இலையும் தனியே கட்டுக் கட்டாக: "தெனெரூமி". எங்கள் வேலியில் படர்ந்த அதே இனக் கொடி. காயை எடுத்துக்கொண்டு கொழுந்தை ஆட்டுக்குப் போட்டவர்கள் நாங்கள்.

எங்கள் சத்தத்தைக் கேட்டு, கையில் இரண்டு பை நிறைய மரக்கறியோடு நின்ற ஒரு பெண்மணி திரும்பினார்.

"பிள்ளையள், எங்கையிருந்து வாறியள்?"

தூக்கிவாரிப்போட்டது. பலேர்மோவில் 1980களிலிருந்தே எங்கள் மக்கள் வாழ்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். சைவரும் கத்தோலிக்கரும் வேறுபாடின்றி அந்த நகரின் காவற்புனிதை ரொசாலியாவின் மலைக்கோயிலுக்கு ஏறிப் போகிறார்கள் என்றும் அறிந்திருந்தோம். ஆனாலும் சுரைக்கொடிக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்போம் என்று நினைக்கவில்லை. அந்த அக்காவுக்கு அறுபது வயது இருக்கும். 91 வயதான ஓர் இத்தாலிய மூதாட்டியைப் பராமரிக்கிறார். பத்தொன்பது வருடமாக அந்த வீட்டுக்குத் தினமும் இங்கேதான் மரக்கறி வாங்குகிறார்.

"கிழவி பொல்லாத ஆள். பிரிட்ஜிலை ஒருநாள் கிடந்த கீரையெண்டால் மணந்தே கண்டுபிடிச்சிடுவா. இதைத் தக்காளி, உள்ளி போட்டு அவிச்சு, ஸ்பகெற்றியை முறிச்சுப் போட்டுத் தண்ணிப்பதமாக் குடுக்க வேணும். இந்த வெய்யிலுக்கு அதுதான் மருந்தெண்டு சொல்லுவா. பிறஷரும் இல்லை, சீனியும் இல்லை."

நாங்கள் சிரித்தோம். பிறகு எங்களுள் ஒருவர் கேட்டார்: "அக்கா, உங்கடை வீட்டுக்கு என்ன வாங்குவியள்?"

அக்கா பையை மற்றக் கைக்கு மாற்றினார். "வீட்டுக்கோ? இங்கை முடிஞ்சு பின்னேரம் ஒரு கந்தோரிலை கூட்டுற வேலை. வீட்டை போகப் பத்து மணியாகும். அப்ப சந்தை எங்கை? பெட்டியிலை இருக்கிற பிட்ஸாவைச் சூடாக்கிறதுதான். எனக்குச் சீனி வருத்தம் வந்து ஏழு வருஷம் பிள்ளையள்."

அந்த இடத்தில் எங்கள் நால்வருக்கும் ஒரே நினைவு வந்தது. ஒருவரையொருவர் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அழுதிருப்போம். பத்தொன்பது வருடமாக அந்தச் சந்தையின் மிகச் சிறந்த கீரையைத் தெரிந்து எடுக்கிற கை அது. அந்தக் கீரை இன்னொரு வீட்டுத் தட்டுக்குப் போகிறது. எங்கள் தோழியும் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில்தான் வேலை செய்தாள். உலகம் முழுவதிலும் எங்கள் பெண்கள் எத்தனை பேர் பிறர் வீட்டுக் கூடையை நிரப்பிவிட்டு வெறுங்கூடையோடு வீட்டுக்குப் போகிறார்கள்? "மரக்கறி அதிகம் சாப்பிடுங்கள்" என்று சிட்டையில் எழுதிக் கொடுக்கிற எங்களுக்கு, மரக்கறியைப் பற்றி அவர்களுக்கு எங்களைவிடக் கூடத் தெரியும் என்பது தெரியாமல் போய்விட்டது. அவர்களுக்கு இல்லாதது அறிவல்ல, பின்னேரம்.

அடுத்த நாள் ஞாயிறு, அக்காவுக்கு விடுமுறை. காலையில் நாங்கள் பல்லாரோவில் இரண்டு கட்டுத் தெனெரூமி வாங்கினோம். கடைக்காரர் கேட்டார், "இன்றைக்கா, நாளைக்கா?" "இன்றைக்கு" என்று நால்வரும் சேர்ந்தே சொன்னோம். அக்காவின் சின்னச் சமையலறையில் பாதியை மூதாட்டியின் முறையிலும், பாதியைப் பருப்போடு சேர்த்து எங்கள் முறையிலும் சமைத்தோம். அக்காவின் மகன் இரண்டையும் சாப்பிட்டுவிட்டு, "அம்மா, இது எந்தக் கடையிலை?" என்று கேட்டான். அக்கா பதில் சொல்லாமல் அவனுக்கு இன்னொரு கரண்டி போட்டார். நாங்கள் புறப்படுமுன் ஓர் ஒழுங்கு செய்தோம். மூதாட்டி வீட்டுக்கு வாங்கும்போதே தனக்கும் ஒரு கட்டு வாங்கி, அங்கேயே நண்பகலில் சேர்த்து அவித்து, ஒரு பாத்திரத்தில் வீட்டுக்குக் கொண்டு போவது. மூதாட்டியிடம் அனுமதி கேட்க அக்கா பத்தொன்பது வருடம் கூச்சப்பட்டிருந்தார். கேட்டபோது அவர், "இவ்வளவு காலமும் ஏன் கேட்கவில்லை?" என்று ஏசினாராம். அக்கா இப்போதும் எங்களுக்குப் படம் அனுப்புகிறார். சீனியின் அளவு இறங்கியிருக்கிறது. கீரை மட்டும் செய்த வேலை அது என்று வைத்தியர்களாகிய நாங்கள் சொல்ல மாட்டோம். மாத்திரையும் நேரத்துக்குப் போகிறது, இரவில் நேரத்துக்குச் சாப்பாடும் நடக்கிறது.

அன்பானவர்களே, உறைய வைத்த கீரையும் பயறும் விஷமல்ல. குளிர்நாட்டில் இருப்பவர்கள் பயமின்றி வாங்கலாம். சந்தை என்றால் எல்லாம் மலிவு என்றும் சொல்லவில்லை. இத்தாலியைப் போல் வாழுங்கள் என்று சொல்லவும் வரவில்லை. இத்தாலியர்களே அப்படி வாழக் கஷ்டப்படுகிறார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு எங்கள் கிளினிக்கில் நாங்கள் செய்த மாற்றம் சின்னது. இரத்தப் பரிசோதனை எண்ணைப் பார்ப்பதற்கு முன் மூன்று கேள்வி கேட்கிறோம். எங்கே வாங்குகிறீர்கள்? யார் சமைக்கிறார்கள்? எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்? ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம் கூடச் செலவாகிறது. அந்த இரண்டு நிமிடத்தில்தான் எங்கள் தோழியைத் தவறவிட்டோம்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்கு, எந்த நாட்டில் இருந்தாலும், தொலைபேசி எடுத்து அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பிள்ளைகளின் படிப்பையும் வீட்டு விலையையும் பிறகு கேட்கலாம். மற்றது சங்கத்துக்கு. நூற்றாண்டு நிதியில் ஒரு சிறு பங்கை எங்கள் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைக்கு ஒதுக்குங்கள். கொய்யா, பப்பாசி, அவித்த கடலை, இலைக்கஞ்சி ஆகியவை ரோல்ஸையும் இனிப்புப் பானத்தையும் விடக் குறைந்த விலையில் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும். அருகிலுள்ள சந்தையிலிருந்தே வாங்கலாம். அந்தச் சந்தையின் கற்களும் காயாமல் இருக்கும். இதற்கு எங்கள் வகுப்பின் முதல் பங்களிப்பை, மறைந்த தோழியின் நினைவாக, இன்று பொருளாளரிடம் கையளிக்கிறோம்.

அவளுடைய அந்தத் தாளை மகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். பின்பக்கத்தில் தெனெரூமி சமைக்கும் முறையை எழ்தி, கீழே நால்வரும் கையொப்பம் வைத்தோம். ஐந்தாவது கையொப்பத்துக்கு இடம் விட்டிருந்தோம். மகள் தன் பெயரை எழுதிப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள்.